பூத்திரைக்குப் பின்னால் ஆர்மோனியம்

தென்காசியில் எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. பகலில் வருபவர்களின் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி செய்து கொடுப்பேன். கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. அங்கே ஐந்து கீபோர்டுகள் வைத்திருக்கிறேன். கடை அடைத்ததும் மாடிக்குப் போய் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். கல்லூரிக் காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான்கு வருடம் கோவில் கொடைத் திருவிழாக்களுக்கு வாசித்திருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு இசையில் சொல்லிக்கொள்ளத் தகுதி எதுவும் கிடையாது. கருத்துகள் மட்டும் நிறைய இருந்தன.

என் கருத்துகளை முதலில் சொல்லிவிடுகிறேன். சிந்தசைசர் நேர்மையான கருவி என்பேன். மின்சாரம் உள்ளே போகிறது, அலையாக மாறுகிறது, குமிழைத் திருகினால் அந்த அலை கூர்மையாகிறது அல்லது மழுங்குகிறது. அது வயலின் என்றோ வீணை என்றோ நடிப்பதில்லை. தன் சத்தத்தைத் தானே உண்டாக்குகிறது. சாம்ப்ளர் அப்படியல்ல. எவரோ எப்போதோ வாசித்த ஒரு சுரத்தைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு, விசையைத் தொட்டால் அதையே திருப்பிச் சொல்லும். கிளிப்பிள்ளை என்பேன். லேப்டாப்பில் ஓடும் மென்பொருள் வாத்தியங்களைப் பற்றி இன்னும் மோசமாகப் பேசுவேன். அவற்றுக்கு உடம்பே கிடையாது, தொட்டுப் பார்க்க ஒன்றுமில்லை, விசையை அழுத்தியபின் சத்தம் வர ஒரு கணம் பிந்தும், அந்த ஒரு கணத்தில் இசை செத்துவிடும் என்பேன். கண்ணைக் கட்டிவிட்டு வாசித்துக் காட்டினாலும் எது கருவி, எது லேப்டாப் என்று சொல்லிவிடுவேன் என்றும் சொல்லியிருக்கிறேன். யாரும் என் கண்ணைக் கட்டிப் பார்த்ததில்லை.

இதையெல்லாம் சொல்ல எனக்கு ஒரு வாட்ஸப் குழு இருந்தது. நான் தொடங்கியதுதான். தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், ராயகிரி வரை கீபோர்டு வாசிக்கிறவர்கள் அதில் இருந்தார்கள். தேவாலயத்தில் வாசிக்கிறவர்கள், கச்சேரிக் குழுக்காரர்கள், சும்மா ஆசைக்கு வாங்கி வைத்திருப்பவர்கள். முப்பது வருடத்துக்கு முந்தைய ஜப்பான் சிந்தசைசர் ஒன்றைச் சென்னையில் போய்த் தேடி வாங்கி வந்தவன் நான் ஒருவன்தான். அதனால் அங்கே எனக்கு மரியாதை. யாராவது ஒரு கேள்வி கேட்டால் மற்றவர்கள், "கண்ணாடி அண்ணாச்சி வரட்டும்" என்று எழுதுவார்கள். நான் ஏழு நிமிடம், எட்டு நிமிடம் என்று குரல் பதிவு அனுப்புவேன். அனுப்பிவிட்டு அதை நானே ஒரு முறை போட்டுக் கேட்பேன். அதைச் சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது.

ஒரு நாள் மத்தியானம் ஒரு பெண் கண்ணாடி மாற்ற வந்தாள். மேலகரத்துக்காரி. தென்காசியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. இருபத்தெட்டு வயது இருக்கலாம். நான் சோதனை செய்துகொண்டிருந்தபோது, மாடியில் இருப்பது என்ன கீபோர்டு என்று கேட்டாள். ஜன்னல் வழியாக யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். நான் உற்சாகமாகிவிட்டேன். அவளும் வாசிப்பாளாம். சின்னதாக இரண்டு ஸ்தாயி விசைப்பலகை ஒன்றும் லேப்டாப்பும்தான் வைத்திருக்கிறாளாம். உடனே அவளைக் குழுவில் சேர்த்துவிட்டேன். தான் செய்த ஒரு வாத்தியம் இருப்பதாகச் சொல்லி, தயங்கித் தயங்கிப் போனை எடுத்து, காதில் வைக்கும் ஒயரை என்னிடம் கொடுத்தாள். அது ஓர் ஆர்மோனியம். எங்கோ ஒரு பழைய ஆர்மோனியத்தை ஒவ்வொரு சுரமாகப் பதிவு செய்து, கீபோர்டில் வாசிக்கும்படி செய்திருக்கிறாள்.

அரை நிமிடம் கேட்டிருப்பேன். ஒயரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, "இது பாடம் பண்ணி வச்ச புலி மாதிரி இருக்கும்மா. மீசை, பல்லு எல்லாம் சரியா இருக்கு. உசுருதான் இல்ல" என்றேன்.

அவள் சிரித்தாள். ஒயரை விரலில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணாடி எப்போது கிடைக்கும் என்று கேட்டாள்.

அந்த உவமை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அன்று சாயங்காலமே குழுவில் ஒரு குரல் பதிவு போட்டேன். இன்று ஒருவர் கடைக்கு வந்தார், ஓர் ஆர்மோனியத்தைக் கேட்க வைத்தார் என்று ஆரம்பித்து, பாடம் பண்ணிய புலியில் கொண்டுபோய் முடித்தேன். பலரும் சிரித்த முகங்களாகப் போட்டார்கள். மத்தியானம்தான் அவளைக் குழுவில் சேர்த்தோம் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று பின்னால் என் மனைவியிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவள் கேட்பாள் என்று தெரிந்துதான் பேசினேன். அவள் பெயரைச் சொல்லவில்லை என்பதே எனக்குப் போதுமான சமாதானமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் கழித்துக் கீழப்பாவூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் ஒருவர் எனக்குப் போன் செய்தார். என் கடை வாடிக்கையாளர். அவருடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எண்பதாம் கல்யாணம். குற்றாலத்தில் ஒரு மண்டபம் பிடித்திருக்கிறார். காலையில் விசேஷம், சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டுக் கச்சேரி. அப்பாவுக்குப் பழைய பாட்டுகள் பிடிக்கும், ஆனால் வார்த்தை இல்லாமல் வாத்தியத்தில் மட்டும் கேட்க ஆசைப்படுகிறார். "என் மக, அவளுக்கு ஒரு சிநேகிதி இருக்கு, அதையே வச்சிரலாம்னு சொல்லுதா. மேலகரத்துப் புள்ள. லேப்டாப்புல வாசிக்குமாம். நீங்க என்ன சொல்லுதீக?" என்று கேட்டார்.

யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண் நன்றாக வாசிப்பாளா, மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. அவள் வாசித்து நான் அரை நிமிடம்தான் கேட்டிருக்கிறேன். ஆனாலும் தயங்காமல் பதில் சொன்னேன். லேப்டாப்பை நம்ப முடியாது, பாதியில் நின்றுவிட்டால் விசேஷ வீட்டில் சங்கடமாகிவிடும், மேடைக்குக் கருவிதான் சரி என்றேன். அவர் கவலையாகி, வேறு யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டார். நானே வருகிறேன் என்றேன். அவர் நன்றி சொன்னார். போனை வைத்தபின் சிறிது நேரம் செய்தது சரியில்லை என்று உறுத்தியது. பிறகு என்னென்ன பாட்டு வாசிக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்ததும் அது சரியாகிவிட்டது.

அப்போது சீசன் நேரம். விசேஷத்துக்கு முந்தின நாளே சிந்தசைசரை இரண்டு போர்வையில் சுற்றிக் காரில் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்துவிட்டு வந்தேன். காலையில் கூட்டமாக இருக்கும், தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம் என்று நினைத்தேன். வைத்த இடத்துக்கு மேலே ஜன்னல் திறந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. குற்றாலத்தில் அந்த நாட்களில் கைக்குட்டை காயாது. அப்பளத்தைத் தட்டில் போட்ட கையோடு தின்றுவிட வேண்டும். விடிய விடியச் சாரல் அடித்திருக்கிறது. போர்வை ஈரமாகி, அந்த ஈரத்தோடு கருவி ஓர் இரவு முழுக்க இருந்திருக்கிறது.

மறுநாள் சாயங்காலம் நாலரை மணிக்கு நான் மேடையில் எல்லாவற்றையும் பொருத்தினேன். கச்சேரி ஆறு மணிக்கு. குடும்பத்தார் உடை மாற்றப் போயிருந்தார்கள். தபேலா வாசிப்பவர் இன்னும் வந்து சேரவில்லை. முதல் விசையை அழுத்தியதும் சத்தம் கொப்பளித்துக்கொண்டு வந்தது, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போல. சுருதி தானாக ஏறி இறங்கியது. குமிழ்களைத் திருகிப் பார்த்தேன். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். மூன்றாவது தடவை சத்தமே வரவில்லை. விளக்குகள் எரிந்தன, அவ்வளவுதான். நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்களைத் தவிர மண்டபத்தில் யாரும் இல்லை என்று நினைத்தேன்.

"சத்தம் மட்டுந்தான் வரலியா அண்ணாச்சி? மிடி வேலை செய்யுதா?"

மேடைக்குக் கீழே அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தாள். நான் செய்து கொடுத்த கண்ணாடியைப் போட்டிருந்தாள். சிநேகிதி வீட்டு விசேஷத்துக்கு வந்தவள். மிடி என்பது ஒன்றும் பெரிய விஷயமில்லை. எந்த விசையை எவ்வளவு அழுத்தினோம் என்ற செய்தியை மட்டும் ஒரு கம்பி வழியாக வேறொரு கருவிக்கு அனுப்புவது. சத்தத்தை அந்த வேறு கருவி கொடுக்கும். என் சிந்தசைசரில் சத்தம் பிறக்கும் பகுதிதான் செத்திருந்தது. விசைகள் நன்றாக இருந்தன. பார்த்துவிட்டு, செய்கிறது என்றேன்.

"அப்ப நான் போயி லேப்டாப்ப எடுத்துட்டு வாரேன். மேலகரந்தான, இருபது நிமிசத்துல வந்துருவேன்."

வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை, என்னிடம் வேறு வழி எதுவும் இருக்கவில்லை. அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் போனாள். திரும்பி வந்தபோது முழுக்க நனைந்திருந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி லேப்டாப்புக்குச் சுற்றிவிட்டு, தான் நனைந்துகொண்டு வந்திருக்கிறாள். தலையில் இருந்த பூ நனைந்து தொங்கியது. துண்டு கிடைக்காமல் மேடையில் கிடந்த ஒரு மேசை விரிப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பியை மாட்டி, லேப்டாப்பை என் சிந்தசைசருக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள். நான் ஒரு விசையை அழுத்தினேன். ஒலிபெருக்கியில் ஆர்மோனியம் வந்தது. அந்தப் பெரிய மண்டபத்தில் அதைக் கேட்டதும் அதே விசையை மறுபடி அழுத்தினேன். சுரத்துக்கு முன்னால் துருத்தி இழுக்கும் மெல்லிய மூச்சுச் சத்தம்கூட அதில் இருந்தது. கடையில் அரை நிமிடம் கேட்டபோது அது என் காதில் விழவே இல்லை.

சத்தம் பிந்துகிறதா என்று கவனித்தேன். பிந்தவில்லை.

அப்போது வாசலில் தபேலாக்காரர் வருவது தெரிந்தது. அவர் எங்கள் குழுவில் இருக்கிறார். அவருக்குப் பின்னால் குழுவில் இருக்கும் இன்னும் இரண்டு பேர் நான் வாசிப்பதைக் கேட்க வந்துகொண்டிருந்தார்கள். நான் தாழ்ந்த குரலில் அவளிடம் சொன்னேன்: "இத இங்கன வைக்க வேண்டாம்மா. சாரல் அடிச்சு நனைஞ்சிரும். அந்தப் பூத்திரைக்குப் பின்னால வச்சிருவமா?"

மேடையில் மணமக்களுக்காகப் பூவால் ஒரு திரை கட்டியிருந்தார்கள். அதற்கும் சுவருக்கும் நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம் இருந்தது. அவள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "சரி அண்ணாச்சி" என்றாள். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் எந்த வாத்தியம் என்று கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அவள் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வர வேண்டும்.

ஒரு மணி நேரம் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன் என்று நினைக்கிறேன். நான்காவது பாட்டை விட்டுவிட்டுத் தவறுதலாக ஐந்தாவது பாட்டை ஆரம்பித்தேன். நான்கு சுரம் போவதற்குள் புல்லாங்குழல் ஆர்மோனியமாக மாறியது. பின்னால் இருந்தவள் பாட்டைக் கேட்டே கண்டுபிடித்து மாற்றியிருக்கிறாள். அந்தப் பாட்டில்தான் கூட்டம் அடங்கியது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்கே சிறிது நேரம் எல்லாம் மறந்துபோயிற்று. சத்தம் எங்கிருந்து வருகிறது என்ற நினைப்பே இல்லாமல் சந்தோஷமாக வாசித்தேன்.

முடிந்ததும் பெரியவரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்கு ஏற்றி வந்தார்கள். எண்பது வயதுக்காரர், கண் கலங்கியிருந்தது. சின்ன வயதில் ஆர்மோனியம் வாசித்தவராம். "அந்த ஆர்மோனியம் எந்தப் பெட்டிக்குள்ள இருந்து வருது தம்பி?" என்று கேட்டார். நான் சிந்தசைசரைக் காட்டினேன். அவர் குனிந்து அதைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அவருடைய மகன் ஒலிவாங்கியை என் கையில் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். நான் பேசினேன். இது முப்பது வருடத்துப் பெட்டி, இதிலிருக்கும் உயிர் இந்தக் காலத்து லேப்டாப்புகளில் எந்தக் காலத்திலும் வராது என்று பேசினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. குழுவில் பத்து வருடமாகப் பேசிப் பேசிப் பழகிய வாய், தானாகத் திறந்துகொண்டது. பேசும்போது பூக்களின் இடைவெளியில் அவளுடைய கண்ணாடி மின்னியதைப் பார்த்தேன். பார்த்த பிறகும் வாக்கியத்தை முடித்தேன்.

கூட்டம் சாப்பிடப் போனதும் அவள் வெளியே வந்தாள். உட்கார்ந்திருந்ததில் சேலையின் ஈரத்தோடு சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. ரொம்ப உதவி என்று நான் சொன்னேன். அவள் கம்பியைச் சுருட்டிக்கொண்டே, "இது உங்களுதா, என்னுதா அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டாள். உன்னுடையதுதான் என்றேன். எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு பந்திப் பக்கம் போய்விட்டாள்.

அன்றே குழுவில் வீடியோ வந்துவிட்டது. வந்திருந்த இரண்டு பேரில் ஒருவர் எடுத்திருந்தார். அந்த ஆர்மோனியத்தைக் கேளுங்கள், கருவி என்றால் கருவிதான் என்று எழுதியிருந்தார். வரிசையாகப் பாராட்டு. நான் எல்லாவற்றுக்கும் கைகூப்பும் படத்தைப் போட்டேன். ஒருவர் வேடிக்கையாக அந்தப் பெண்ணைக் குறிப்பிட்டு, "லேப்டாப் பார்ட்டிங்க கேட்டுக்கோங்க" என்று எழுதினார். கொஞ்ச நேரம் கழித்து அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "நல்லா இருந்துது அண்ணாச்சி."

என் மனைவியும் அன்று விசேஷத்துக்கு வந்திருந்தாள். அந்தப் பெண் திரைக்குப் பின்னாலிருந்து வருவதைப் பார்த்திருக்கிறாள்; சாப்பாட்டுப் பந்தியிலும் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் காலையில் தோசை ஊற்றிக்கொண்டே, "அந்தப் புள்ள ஏன் நனைஞ்ச சேலையோட பின்னால உக்காந்திருந்துது?" என்று கேட்டாள். உதவிக்கு வந்தாள் என்றேன். என்ன உதவி என்று கேட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டுவிட்டு அவள் திட்டவில்லை. "மைக்கு உங்க கையிலதான இருந்துது" என்றாள். அடுத்த தோசையை ஊற்றப் போய்விட்டாள்.

மூன்று நாள் கடையில் வேலை ஓடவில்லை. நான்காம் நாள் குழுவில் எழுதினேன். அன்று கேட்ட ஆர்மோனியம் என் கருவியுடையது அல்ல, என் கருவி பழுதாகிவிட்டது, எல்லாச் சத்தமும் இந்தப் பெண்ணின் லேப்டாப்பிலிருந்து வந்தது, அவளே செய்த வாத்தியம், நான் மேடையில் பேசியது பொய் என்று, நாலே வரியில் எழுதி, அனுப்பினேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் நம்பவில்லை. இதுதான் அண்ணாச்சியின் மனது என்று ஒருவர் எழுதினார். வளர்கிற பிள்ளையைத் தூக்கிவிடுகிறார் என்றார் இன்னொருவர். தபேலாக்காரர், "நான் பக்கத்துலதான இருந்தேன், லேப்டாப்பே இல்லியே அண்ணாச்சி. ரொம்பத்தான் தன்னடக்கம்" என்று எழுதினார். ஒருவர், அப்படியே இருந்தாலும் வாசித்த விரல் அண்ணாச்சியுடையதுதானே என்றார். அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் முழுக்க அந்த ஆறுதலோடு இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு அவளைப் பார்க்கப் போனேன். சும்மா போக வெட்கமாக இருந்ததால், சர்க்கரை பார்க்க வேண்டும் என்று சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கூப்பிட்டார்கள். உள்ளே அவள்தான் இருந்தாள். என் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு, விரல்களை மடக்கச் சொன்னாள். கையை நீட்டிக்கொண்டு நான் மன்னிப்புக் கேட்டேன். பொன்னாடையைப் பற்றி, மேடையில் பேசியதைப் பற்றி, குழுவில் எழுதியதை யாரும் நம்பாததைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவள் நரம்பைத் தேடிக்கொண்டே கேட்டாள்.

"சேலையெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. அது காஞ்சிட்டு" என்றாள். ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். "நனைஞ்சிரும்னு சொன்னீங்கல்லா. அன்னைக்கு சன்னல் பூரா அடைச்சுத்தான இருந்துது. உள்ள எங்க வந்து சாரல் அடிக்கும்? நீங்க சொல்லும்போதே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சரின்னு சொல்லிட்டுப் போயி உக்காந்தேம்லா, அதுதான் எனக்கு ஆறமாட்டேங்கு. உங்க மேல உள்ள கோவத்தவிட என் மேலதான் கோவம் சாஸ்தி."

என் பொய் என்னோடு போகவில்லை, அவளையும் வெட்கப்பட வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. பஞ்சை வைத்து அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். நான் அழுத்திக்கொண்டே, அந்த ஆர்மோனியம் யாருடையது என்று கேட்டேன். இரண்டரை மாதமாக நான் கேட்காத கேள்வி அது. செங்கோட்டைப் பக்கம் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு வாசிக்கும் பெட்டி என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அனுமதி வாங்கிப் போய்ப் பதிவு செய்தாளாம். வெளியே பேருந்துச் சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டுத் திரும்ப எடுப்பாளாம். நடு ஸ்தாயியில் காந்தாரச் சுரம் ஒன்று ஊமையாகிவிட்டிருந்ததாம். அதற்குப் பக்கத்துச் சுரத்தை இழுத்து நிரப்பியிருக்கிறாள். "நீங்க அன்னைக்கு அந்தக் காந்தாரத்தத்தான் ரொம்ப நேரம் புடிச்சு நின்னீங்க. கண்டுபிடிச்சிருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணைக் கட்டினாலும் கண்டுபிடிப்பேன் என்று பேசிய ஆள் நான். அடுத்தவரைக் கூப்பிட அவள் எழுந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொன்னாடையைப் பையில் போட்டுக்கொண்டு கீழப்பாவூருக்குப் போனேன். பெரியவர் கூடத்தில் நாற்காலியில் இருந்தார். மகனும் பக்கத்தில் இருந்தார். நான் நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அந்தப் பெண்ணை வேண்டாம் என்று போனில் சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். மகன் எதற்கு இப்போது இதெல்லாம் என்று சங்கடப்பட்டார். பெரியவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"எனக்கு எந்தப் பெட்டின்னு தெரியாது. அதனாலதான் உங்கிட்ட கேட்டேன். நீ காட்டுன. நான் தொட்டுக் கும்பிட்டேன்" என்றார். பிறகு, "செத்த பெட்டியக் கும்பிட வச்சிட்டியேப்பா" என்றார்.

பொன்னாடையை நீட்டினேன். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது என்று சொல்லிவிட்டார். காப்பி வந்தது. அவர் என்னிடம் அதற்குமேல் பேசவில்லை. மகனைப் பார்த்து, அந்தப் பிள்ளையின் நம்பரைப் போடச் சொன்னார். நான் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டு வாரம் கழித்து அவளை அழைத்து வாசிக்கச் சொன்னார்களாம். என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட எந்தக் காரணமும் இல்லை. கண்ணாடிக்கு வந்த ஆலைக்காரர்தான் சொன்னார். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்து ஒன்றரை மணி நேரம் வாசித்தாளாம். பெரியவர் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திரையில் ஓடும் கோடுகள் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டாராம். காந்தாரம் வரும் இடத்தில், இது மட்டும் இந்தச் சுரத்தின் சொந்தச் சத்தம் இல்லையே என்று அவராகவே சொன்னாராம். இதைச் சொல்லும்போது ஆலைக்காரருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியவில்லை. நான் அவருடைய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

சிந்தசைசரை மதுரைக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கிவிட்டேன். இன்றும் எனக்கு லேப்டாப் பிடிக்காது. குமிழைத் திருகும்போது விரலுக்குக் கீழே சத்தம் மாறுகிற சுகம் வேறு எதிலும் இல்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அது என் விரலுக்குப் பிடித்த விஷயம். அதை எல்லாக் காதுகளுக்கும் சட்டமாக்கியதுதான் நான் செய்தது. குழுவில் இப்போது குரல் பதிவு போடுவதில்லை. கேட்டால் வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

போன மாதம் குழுவுக்குப் புதிதாக வந்த ஒருவர், சாம்ப்ளர் வாங்கலாமா என்று கேட்டிருந்தார். வழக்கம்போல் யாரோ, அண்ணாச்சி சொல்லியிருக்கிறார், அது கிளிப்பிள்ளை என்று பதில் எழுதினார்கள். அதற்குக் கீழே அந்தப் பெண் நீளமாக எழுதியிருந்தாள். குழுவில் அவள் அவ்வளவு எழுதியது அதுதான் முதல் தடவை. "அண்ணாச்சி சொன்னது தப்பு" என்றுதான் ஆரம்பித்திருந்தாள். ஒரு சுரத்தைப் பதிவு செய்கிறவர் எந்தச் சுரத்தை, எவ்வளவு அழுத்தத்தில், எந்த அறையில் வைத்து எடுப்பது என்று தேர்ந்தெடுக்கிறார், அந்தத் தேர்வும் வாசிப்புதான் என்று விளக்கியிருந்தாள். குழுவே ஒரு மணி நேரம் மூச்சு விடவில்லை. நான் என்ன சொல்வேன் என்று காத்திருந்தார்கள். கடையில் ஒருவருக்குச் சோதனை முடித்து அடுத்தவர் வருவதற்குள் நான் அதை இரண்டு தடவை படித்தேன். அவள் எழுதியதில் பெரும்பாலும் சரி. பழைய சாம்ப்ளர்கள் எப்படி வேலை செய்தன என்று சொன்ன ஓர் இடம் மட்டும் தவறு. அது தவறு என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

திருத்தி எழுத ஆரம்பித்தேன். பாதியில் அழித்துவிட்டு, "சரிம்மா" என்று மட்டும் போட்டேன். பெருந்தன்மையாக நடந்துகொண்டேன் என்று பலர் தனியாக எழுதினார்கள். பெருந்தன்மை எதுவும் இல்லை. ஒரு வரி திருத்தினால் பழைய வாய் திரும்பத் திறந்துகொள்ளும் என்று எனக்குப் பயமாக இருந்தது.